இருபதும் ஏறியாச்சு

கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருடைய வாய்தான் இன்னும் ஓய்வு பெறவில்லை. லிஃப்டில் ஏறினால் "உள்ள போங்க, உள்ள போங்க" என்பார். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவரிடம் சில்லறை இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்துவிட்டு, சட்டென்று இருமி மழுப்புவார். அப்படிப்பட்ட மனிதரை, இருபத்திரண்டு பயணிகளுக்கு மட்டுமே இடமுள்ள ஒரு சின்னக் கப்பலில் ஐந்து நாள் ஓய்வாக இருந்துவிட்டு வாருங்கள் என்று மகள் அம்மாவோடு சேர்த்து அனுப்பிவைத்தாள். பாவம், நல்ல மனசோடுதான் செய்தாள்.

முதல் நாள் முழுக்க அவர் சும்மாதான் இருந்தார். அதாவது, எஞ்சின் அறை வாசலில் நின்று ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு டீசல் குடிக்கும் என்று விசாரித்தார். சமையல்காரரிடம் கத்திக்குச் சாணை பிடித்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். மேல்தளத்தில் நாற்காலிகளை ஒரே வரிசையாக இழுத்துப் போட்டார். சும்மா இருப்பது என்றால் அவருக்கு அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் காலையில் ஒரு வேலை தானாகவே வந்து மாட்டியது. கப்பல் ஒரு சிறிய துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. கரைக்குப் போக பயணிகள் எல்லோரும் பெரிய படகில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வழிகாட்டிப் பெண் விரலை நீட்டித் தலைகளை எண்ணினாள். இருபத்தொன்று வந்தது. மறுபடி எண்ணினாள், இருபத்துமூன்று வந்தது. தொப்பி போட்ட அக்காமார் மூன்று பேர் இடத்தை மாற்றி மாற்றி உட்கார்ந்து அவளைக் குழப்பிக்கொண்டிருந்தார்கள்.

கண்டக்டரால் பொறுக்க முடியவில்லை. "உக்காந்த ஆளை எண்ணக் கூடாதும்மா. ஏறும்போது படியில நின்னு எண்ணணும். முப்பத்தோரு வருஷ சர்வீஸ் எனக்கு, குடு அந்தப் பட்டியலை."

எல்லோரையும் கப்பலுக்குத் திரும்ப ஏற்றி, மறுபடி ஒவ்வொருவராகப் படகில் இறக்கினார். முணுமுணுத்தபடியே இறங்கினார்கள். "இருபது," என்றார். "நானும் வீட்டம்மாவும் சேத்தா இருபத்திரண்டு. எல்லாம் சரி. ரைட்." அந்த 'ரைட்' அவர் தொண்டையிலிருந்து வந்தபோது எட்டு மாதச் சோர்வும் அதோடு சேர்ந்து வெளியே போனது. வழிகாட்டிப் பெண்ணும் விட்டது தொல்லை என்று பட்டியலை அவரிடமே கொடுத்துவிட்டாள்.

இந்த இருபதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பேருந்தில் பரிசோதகர் ஏறினால் முதலில் ஆட்களை எண்ணுவார், பிறகு கிழித்த டிக்கெட்டை எண்ணுவார். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். டிரைவரையும் கண்டக்டரையும் அதில் சேர்ப்பதில்லை. கண்டக்டரின் மனைவிக்குக் குடும்பப் பாஸ். இருபத்தொன்பது வருஷம் அவர் புருஷனுடைய பேருந்திலேயே, டிரைவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்து வேலைக்குப் போய்வந்தார். டிக்கெட் இல்லாத ஆள் என்பதால் கண்டக்டர் எண்ணும்போது அந்த இருக்கையை விட்டுவிட்டுத்தான் எண்ணுவார். விட்டுவிட்டு எண்ணி எண்ணி, நாளடைவில் அந்தப் பக்கம் கண் திரும்புவதே நின்றுபோனது. அவள் இருப்பாள், எங்கே போய்விடப் போகிறாள் என்று ஆகிவிட்டது.

அந்த மனைவியை ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மாஸ்டரம்மா என்பார்கள். துணி வெட்டும் பிரிவுக்குத் தலைமை. பன்னிரண்டு பேர் அவர் கண் பார்வைக்கு நடப்பார்கள். இப்போது கம்பெனி ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேறொரு ஊரில் புதுக் கிளை திறக்கிறது. அங்கே வரும் புதுப் பெண்களுக்கு வெட்டும் வேலையைக் கற்றுக்கொடுக்க ஒரு வருஷம் வரமுடியுமா, தங்க அறை தருகிறோம் என்று கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். "போகலாம்னு இருக்கேன்," என்று மாஸ்டரம்மா இரண்டு வாரத்துக்கு முன்பு சொன்னார். "பாக்கலாம்," என்றார் கண்டக்டர். அந்த வீட்டில் 'பாக்கலாம்' என்றால் 'வேண்டாம்' என்று அர்த்தம். அது இருவருக்கும் தெரியும்.

ஆனால் இந்தத் தடவை மாஸ்டரம்மா அந்தப் பேச்சை விட்டதாகத் தெரியவில்லை. இரண்டு நாளாக நல்ல முகத்தோடுதான் இருந்தார், ஆனாலும் மனசுக்குள் எதையோ முடிவு செய்துகொண்டிருக்கும் முகம் அது. அவர் போய்விட்டால் அந்த வீட்டில் இவர் மட்டும் என்ன செய்வார்? காலையில் யாரிடம் பேசுவார்? இந்தப் பயணம் முடிவதற்குள் பேசிக் கரைத்துவிட வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தார். இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கடல் அமைதியாக இருக்கும்போது, ஆரம்பிக்கலாம் என்று நினைத்திருந்தார்.

கரையில் நேரம் மெதுவாகப் போனது. எல்லோரும் முதலில் கலங்கரை விளக்கத்தில் ஏறினார்கள். நூற்று நாற்பத்து நான்கு படி, கண்டக்டர்தான் எண்ணினார். மேலே போனதும் காற்று சட்டையைப் பிடுங்கியது. கீழே கூரைகள், துணி காயும் மொட்டைமாடிகள், வலை உலர்த்திய சுவர்கள், நடுவில் ஒரு வளைந்த தெரு. அக்காமார் தொப்பியைப் பிடித்துக்கொள்வதா கம்பியைப் பிடித்துக்கொள்வதா என்று தவித்தார்கள். மாஸ்டரம்மா கம்பியில் சாய்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன பாக்குற?"

"அந்தக் கூரைக்குக் கீழ என்னவோ பெருசா விரிச்சுப் போட்டிருக்காங்க. துணி மாதிரி இருக்கு."

"கடலைப் பாரும்மா. இவ்வளவு தூரம் வந்து துணியையா பாப்ப?"

பிறகு தெருவில் அவரவர் இஷ்டத்துக்குச் சுற்றலாம், ஒரு மணிக்குப் படகுத்துறையில் இருக்கவேண்டும் என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். கண்டக்டரும் மாஸ்டரம்மாவும் கயிறும் ஆணியும் பெயின்டும் விற்கும் கடை வாசலில் காப்பி குடித்தார்கள். கண்டக்டர் மனசுக்குள் மதியப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். 'இந்த வயசுல இதெல்லாம் நமக்குத் தேவையா' என்று தொடங்குவதா, 'மக என்ன நினைப்பா' என்று தொடங்குவதா? அப்போது மாஸ்டரம்மா எழுந்து ஏதோ சொன்னார். கண்டக்டர் "ம்ம்" என்றார். மாஸ்டரம்மா போனார். அவர் என்ன சொன்னார் என்பது கண்டக்டரின் காதில் விழவேயில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கே கண்டக்டர் படகுத்துறைப் படியில் போய் நின்றுவிட்டார். பட்டியல் ஒரு கையில், பேனா ஒரு கையில். "பாத்து இறங்குங்க சார். அக்கா, தொப்பி. ஒரு கால் வைங்க, அடுத்த கால் வைங்க." பதினெட்டு, பத்தொன்பது, இருபது. கடைசியாக வந்தவர் ஒரு பல் டாக்டர். அவர் இறங்கியதும் கண்டக்டர் மணியைப் பார்த்தார். ஒன்றுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. இருபதும் ஏறியாச்சு, இனி யாருக்காகக் காத்திருக்க வேண்டும்?

"இருபத்திரண்டா சார்?" என்று வழிகாட்டிப் பெண் கேட்டாள்.

"இருபது. அப்புறம் நாங்க ரெண்டு பேர். எல்லாம் வந்தாச்சு. ரைட், போலாம்."

படகு கிளம்பியது. எஞ்சின்காரரின் பக்கத்தில் நின்றுகொண்டே வந்த கண்டக்டர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் ஏறியதும் கப்பல் நங்கூரத்தைத் தூக்கியது. ஒரு மணி நேரத் தொலைவில் மலைக்குப் பின்னால் ஒரு அமைதியான விரிகுடா, அங்கே நீந்தலாம் என்பது பிற்பகல் திட்டம். மேல்தளத்தில் சாப்பாடு பரிமாறினார்கள். மாஸ்டரம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. அறையில் படுத்திருப்பாள், கோபமாக இருப்பாள் என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டார். அவசரப்படுத்தக் கூடாது என்று நிதானமாகச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை கேட்டும் வாங்கினார். அப்புறம் சமாதானத்துக்கு ஒரு தட்டில் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, மேலே பழத்துண்டையும் அடுக்கிக்கொண்டு அறைக்குப் போனார்.

அறை காலி. கட்டில் விரிப்பு காலையில் மடித்தபடியே கிடந்தது. குளியலறைக் கதவைத் தட்டினார், அது தானாகத் திறந்துகொண்டது. தட்டோடு கீழ்த்தளம் போனார், மேல்தளம் வந்தார், சமையலறையைப் பார்த்தார், முன்பக்கம் கயிறு சுருட்டி வைத்திருந்த இடத்தைப் பார்த்தார். அதற்குள் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேப்டனுடைய அறை வாசலில் தட்டோடு போய் நின்றார்.

"என் வீட்டம்மாவைக் காணோம்."

கேப்டன் ஒல்லியான, குரல் உயர்த்தாத மனிதர். "கடைசியா எங்க பாத்தீங்க?"

படகில் என்று சொல்ல வாயைத் திறந்தார். படகில் பார்த்தாரா? படியில் பார்த்தாரா? காப்பி குடித்த கடை வாசல்தான் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

"அவங்க போனுக்கு அடிச்சுப் பாருங்க," என்றார் கேப்டன்.

கண்டக்டர் அடித்தார். மணி அவருடைய தோள்பையிலிருந்தே ஒலித்தது. இரண்டு பேர் போன், இரண்டு பேர் கண்ணாடி, இரண்டு பேர் மாத்திரை எல்லாம் அந்தப் பைக்குள்தான் இருந்தன. மாஸ்டரம்மாவிடம் இடுப்பில் செருகிய சுருக்குப் பையைத் தவிர எதுவுமே இல்லை. கண்டக்டர் முகத்தில் ஈயாடவில்லை. தட்டை மெதுவாக மேசையில் வைத்தார்.

"நான்தான் சார் எண்ணினேன்," என்றார். "அவளை எண்ணல."

கேப்டன் வயர்லெஸ்ஸை எடுத்தார். ஏதாவது திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். துறைமுக அலுவலகத்தைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் கொரகொரப்பு, பிறகு ஒரு சாவகாசமான குரல். ஆமாம், ஒரு அம்மா இருக்கிறார்கள், பத்திரமாகத்தான் இருக்கிறார்கள், படகுத் துணி தைக்கும் கித்தான் கொட்டகையில் பார்க்கலாம். கண்டக்டருக்கு உயிர் வந்தது. வந்த உயிர் நிலைக்கவில்லை. கடலில் விழவில்லை, சரி. இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

கப்பலைத் திருப்ப வேண்டாம், ரப்பர் படகில் போய் அழைத்து வாருங்கள் என்று கேப்டன் சொல்லிவிட்டார். அரை மணி நேரப் பயணம். படகோட்டி பேச்சுக்காரர். அலை தூக்கி அடித்ததில் கண்டக்டரின் சட்டை முழுக்க நனைந்தது.

"எத்தன வருஷ சர்வீஸ் சார் உங்களுக்கு?"

"முப்பத்தொண்ணு."

"யாரையாவது இப்படி விட்டுட்டுப் போயிருக்கீங்களா?"

"ஒருத்தரைக்கூட விட்டதில்லப்பா." சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமாக ஒலிக்கிறது என்று அவருக்கே புரிந்தது. படகோட்டி நாகரிகமானவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு கடலைப் பார்த்தார்.

கண்டக்டர் வழியெல்லாம் மாஸ்டரம்மா அழுதுகொண்டிருப்பதைத்தான் மனசில் பார்த்தார். தெரியாத ஊர், கையில் போன் இல்லை, துறையில் நிற்கும்போதே கப்பல் போய்விட்டது. ஒரு மூலையில் முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாவி, என்ன செய்துவிட்டேன். அதோடு கூடவே, சொல்லவே வெட்கமான இன்னொரு நினைப்பும் ஓடியது. இப்படிப் பயந்துபோனவள் இனி தனியாக எந்த ஊருக்கும் போக மாட்டாள். அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னையே நாலு அறை விடலாம் போலிருந்தது. இருந்தாலும் வந்தது வந்ததுதான்.

கித்தான் கொட்டகை படகுத்துறைக்குப் பின்னால், காலையில் மேலேயிருந்து பார்த்த கூரைக்குக் கீழேதான் இருந்தது. படகுகளுக்கு மேல்மூடி தைக்கும் இடம். தகரக் கூரை, நான்கு பெரிய தையல் இயந்திரங்கள், தரை முழுக்க விரித்த நீலக் கித்தான். கண்டக்டர் வாசலில் நின்றார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

மாஸ்டரம்மா கித்தானின் நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். கையில் சாக்கட்டி. கொட்டகையின் சொந்தக்காரி, குட்டையான பெண்மணி ஒருத்தி, பக்கத்தில் குந்தியிருந்தாள். இன்னும் மூன்று பெண்கள் சுற்றி நின்றார்கள்.

"இப்பிடி நேரா வெச்சு வெட்டுறீங்க. அதான் இந்த மூலை பூராவும் வீணாப் போவுது," என்றார் மாஸ்டரம்மா. "இந்தப் பாகத்தைத் தலைகீழாத் திருப்புங்க. திருப்பிட்டு இதோட ஒட்டி வைங்க. பாத்தீங்களா? ஒரு முழத்துக்கு மேல மிச்சம்."

"கித்தானுக்கு இழை நேரா ஓடுதான்னு பாக்கணுமே," என்றாள் சொந்தக்காரி.

"பாக்கணும். தலைகீழானாலும் இழை நேராத்தான இருக்கு. விரலை வெச்சு ஓட்டிப் பாருங்க."

நான்கு பெண்களும் குனிந்து விரலை ஓட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள். மாஸ்டரம்மா ஒரே இழுப்பில் சாக்கட்டியால் கோடு போட்டார். ஆறடி நீளக் கோடு, கொஞ்சம்கூட நடுக்கமில்லை. பிறகு பெரிய கத்தரிக்கோலை வாங்கி, எதையும் பார்க்காமல் அதன் திருகாணியை மட்டும் ஒரு சுற்று இறுக்கிவிட்டு வெட்டத் தொடங்கினார்.

இருபத்தொன்பது வருஷம் தொழிற்சாலை வாசல் நிறுத்தத்தில் மனைவியை இறக்கிவிட்டு 'ரைட்' சொன்னவர் கண்டக்டர். அந்த வாசலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாள் கூடப் பார்த்ததில்லை. துணி வெட்டுகிறாள் என்று தெரியும், அவ்வளவுதான். இப்போது நனைந்த சட்டையோடு நின்று பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குப் பெருமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. கண் கலங்கியது. இப்படி ஒரு ஆளை வீட்டில் பேச்சுத் துணைக்கு உட்கார வைக்க அல்லவா இரண்டு நாளாகத் திட்டம் போட்டேன் என்று நினைத்துக்கொண்டார்.

சொந்தக்காரிதான் அவரை முதலில் பார்த்தாள். "இவர்தானா?" என்றாள்.

"இவரேதான்," என்றார் மாஸ்டரம்மா, வெட்டுவதை நிறுத்தாமல். கடைசி வரை வெட்டிவிட்டுத்தான் எழுந்தார். முட்டியைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "ஏங்க, இப்பிடி நனைஞ்சிருக்கீங்க?"

"அலை." கண்டக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ சாப்பிட்டியா?"

"இவங்க குடுத்தாங்க. கித்தான் கொட்டகையைப் பாத்துட்டு வரேன்னு உங்ககிட்ட சொல்லிட்டுத்தான போனேன். நீங்களும் ம்ம்னு சொன்னீங்க. ஒரு மணிக்குச் சரியா துறைக்கு வந்தேன். படகு நடுக்கடல்ல போவுது. நீங்க நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கிறதும் தெரியுது."

"அஞ்சு நிமிஷம் முன்னாடியே எடுத்துட்டேன்."

"தெரியும்."

"உன்னை எண்ணவே இல்லம்மா. பழக்க தோஷம். பஸ்ஸுல எண்ணுற மாதிரியே எண்ணிட்டேன்." சட்டை நுனியைப் பிழிந்தார். "பஸ்ஸுலயும் நான் அந்த சீட்டைத் திரும்பிப் பாத்ததே இல்ல. தப்புதான். பெரிய தப்பு."

மாஸ்டரம்மா கையில் ஒட்டியிருந்த சாக்கட்டித் தூளைத் தட்டினார். "கோவம் வந்துச்சுங்க. பொய் சொல்ல மாட்டேன். அந்தப் படியில உக்காந்து நல்லா அழுதேன். அப்புறம் பசிச்சுது. எவ்வளவு நேரம்தான் அழுறது? எழுந்து விசாரிச்சேன். ஆறு மணிக்கு அடுத்த ஊருக்கு ஒரு படகு போவுதாம். அங்கேருந்து நம்ம ஊருக்கு பஸ் இருக்காம். நீங்க வரலன்னா அதுல கிளம்பிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள சும்மா இருப்பானேன்னு இங்க வந்தேன்."

"தனியாவா போயிருப்ப?"

"வேற எப்பிடி?"

அதை அவர் சண்டைக்காகச் சொல்லவில்லை. நாளைக்கு என்ன சமையல் என்பது போலத்தான் சொன்னார். கண்டக்டருக்கு அது நேராக நெஞ்சில் இறங்கியது. பயந்தது யார் என்று அவருக்கு அப்போது நன்றாகவே தெரிந்துவிட்டது.

சொந்தக்காரி வாசல்வரை வந்தாள். அடுத்த தடவை இந்தப் பக்கம் வந்தால் கட்டாயம் எட்டிப் பார்க்கவேண்டும் என்றாள். மாஸ்டரம்மா அவள் கையைப் பிடித்து, இழையை மறந்துவிடாதீர்கள் என்றார். படகோட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு காத்திருந்தார். கண்டக்டர் முதலில் இறங்கிக் கையை நீட்டினார். மாஸ்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டே இறங்கி, நடுப் பலகையில் உட்கார்ந்தார். கண்டக்டர் எதிரே உட்கார்ந்தார், முகத்துக்கு முகம். இப்படி எதிரெதிரே உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை.

வெயில் சாய்ந்து கடல் மேல் மஞ்சளாகப் படர்ந்திருந்தது. காற்று இறங்கிவிட்டது, அலையும் இல்லை. படகோட்டி வேகத்தைக் குறைத்து மெதுவாகவே ஓட்டினார். தூரத்தில், விரிகுடாவில், கப்பல் சின்னதாகத் தெரிந்தது. அதைச் சுற்றி நீந்துகிறவர்களின் தலைகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன.

"திங்கக்கிழமை அவங்களுக்கு வரேன்னு சொல்லப் போறேங்க," என்றார் மாஸ்டரம்மா. "உங்களைக் கேக்கல. சொல்றேன்."

கண்டக்டர் இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு எல்லாம் தொண்டையில் வரிசையாக வந்து நின்றது. இந்த வயசில் தேவையா, மகள் என்ன நினைப்பாள், உடம்பு தாங்குமா. எதையும் வெளியே விடவில்லை. தண்ணீரைப் பார்த்தார். தன் ஈரச் சட்டையைப் பார்த்தார். காலரில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. இதை யார் துவைப்பார்கள்?

"ஏம்மா," என்றார். "நம்ம வாஷிங் மெஷின்ல முதல்ல எந்தப் பட்டனை அமுக்கணும்?"

மாஸ்டரம்மா அவரை நம்பாதது போலப் பார்த்தார். பிறகு வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பட்டன்லாம் அப்புறம். முதல்ல பின்னாடி இருக்கிற தண்ணிக் குழாயைத் திறக்கணும்."

"பின்னாடி குழாய் இருக்கா?"

"பத்து வருஷமா இருக்கு. அப்புறம் வெள்ளத் துணியைத் தனியாப் பிரிக்கணும். சட்டைப் பையில எதுவும் இருக்கான்னு பாக்கணும். பவுடரை மெஷின் மேல இருக்கிற சின்னப் பெட்டியில போடணும், துணி மேல கொட்டக் கூடாது..."

"இரு, இரு," என்றார் கண்டக்டர், முன்னால் குனிந்து. "மெதுவா, ஒவ்வொண்ணாச் சொல்லு."